தணலும் மேசையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, எப்பொருள் பற்றிப் பேசுவது என்று வினவினேன். "பொருள் தங்கள் விருப்பம், ஆனால் தங்கள் பேச்சுக்குப் பின் விருந்து இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டா" என்றார். மறவாதிருக்க எளிய வழி, விருந்தைப் பற்றியே பேசிவிடுவது என்று துணிந்தேன். ஆதலின், குடும்பத்தோடு வெளியே சென்று உண்பது பற்றி, அதிலும் தணலில் வாட்டிய இறைச்சியைப் பரிமாறும் உணவு விடுதியில் உண்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

நம் அவைத் தலைவர் அவர்கள் மரக்கறி உணவினர் என்பதை நான் அறிவேன். அவர்கள் முகம் சுளிக்க வேண்டா. அவ்விடுதிகளில் பனீரும் உருளைக்கிழங்கும் சோளக்கதிரும் கூடத் தணலில் வாட்டித் தருகிறார்கள். அதற்குத் தனித் தணல் உண்டா என்று கேட்டறிவது மட்டும் அவரவர் பொறுப்பு!

இது விழா மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசவேண்டிய இடத்தில் கோழி வறுவலைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கக்கூடும். ஒரு சமுதாயம் எதை உண்கிறது என்பதைக் காட்டிலும், உண்ணும் இடத்தில் யாரை அமர்த்துகிறது, யாரை நிறுத்தி வைக்கிறது என்பதே அதன் பண்பாட்டை நன்கு காட்டும் என்பது என் எண்ணம். அதை நிறுவுவதற்கே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இறைச்சியை நெருப்பில் வாட்டி உண்பது மனிதன் கற்ற சமையல்களுள் மிகப் பழையது. ஆயினும் இன்று நம் பிள்ளைகள் வாயில் வழங்கும் பெயர்கள் எல்லாம் தொலைவிலிருந்து வந்தவை. 'பார்பிக்யூ' என்னும் சொல், கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்திற்கு வந்ததென்பர். கழிகளால் அமைத்த பரண் போன்ற சட்டத்தையே அச்சொல் முதலில் குறித்தது. தந்தூரிக் கோழியின் வரலாறோ நம் நாட்டின் பிரிவினையோடு பின்னியது. பெஷாவரிலிருந்து 1947இல் ஏதிலிகளாக வந்தோர் தில்லியின் தரியாகஞ்சில் நிறுவிய மோத்தி மகால் என்னும் விடுதியே அதை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. இந்நாளில் நெல்லைச் சீமைச் சிற்றூர்களில் கூட 'அல்ஃபாம்' என்று பலகை தொங்குகிறது. அது கரியைக் குறிக்கும் அரபுச் சொல். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் கேரளத்திற்குக் கொண்டுவர, அங்கிருந்து மலை கடந்து நம் ஊர்களுக்கு வந்தது.

பாருங்கள், இவை யாவும் இடம்பெயர்ந்தோர் சுமந்து வந்த உணவுகள். நாமும் இடம்பெயர்ந்து வந்தவர்களே. இந்த மான்குர்த்தில் நம்மைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் வரலாறும் அதுவே. அண்மையிலுள்ள சீதா கேம்ப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது, பெட்டியையும் பானையையும் தூக்கிக்கொண்டு அங்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். போகும் இடத்தில் முதலில் தேடுவது அடுப்புக்கு மூன்று கல். பிறகே மற்றவை. ஆதலின் அடுப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

பெயர்தான் புதிதே தவிர, வாட்டிய இறைச்சி தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையை முடத்தாமக்கண்ணியார் பாடினார். கரிகாற் சோழனிடம் சென்ற பொருநன் ஒருவன் பெற்ற விருந்து அதில் விரிவாக வருகிறது. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளை அவனுக்குத் தருகிறார்கள். சூடு பொறாமல் அவன் அதை வாயின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றி உண்கிறான். இரவும் பகலும் இறைச்சியைத் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போல அவன் பற்கள் மழுங்கிவிட்டன என்கிறார் புலவர். உழவர் பெருமக்களின் மக்களாகிய நமக்கு அவ்வுவமையின் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் நான் உங்கள் கருத்தை ஈர்க்க விரும்புவது இறைச்சியின்பால் அன்று. அதற்கு முன் நிகழ்ந்ததன்பால். அப்பொருநன் எத்தகைய கோலத்தில் வந்தான்? ஈரும் பேனும் குடியேறிய, வேர்வையில் நனைந்த, வேறு வேறு நூலால் தைத்த கந்தலை உடுத்தியிருந்தான். அத்தகையவனை மன்னன் வாயிலில் நிறுத்திவைத்து ஓர் இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பவில்லை. தன் கண்ணுக்கு எட்டும் அண்மையில் இருக்கை தந்தான்; கந்தலைக் களைந்து நல்லாடை தந்தான்; அதன்பிறகே உணவு வந்தது. முதலில் இருக்கை, பிறகு இறைச்சி. இவ்வொழுங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வொழுங்கு தவறிய இடம் ஒன்றை இனிக் காண்போம். அதற்கு அமெரிக்க நாட்டின் தெற்கே உள்ள அலபாமா மாநிலத்திற்குச் செல்லவேண்டும். அம்மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், 1927இல் 'ஆலீஸ் பார்பிக்யூ' என்னும் விடுதி தொடங்கப்பெற்றது. ஒரு குடும்பத்துக்கு உரிமையானது. குடும்பங்களே மிகுதியாக வந்து உண்பது. வாட்டிய இறைச்சிக்கும் வீட்டுமுறைப் பணியாரத்திற்கும் பெயர் பெற்றது. 220 பேர் அமர்ந்து உண்ணலாம். ஆனால் அந்த 220 இருக்கைகளுள் ஒன்றில்கூடக் கறுப்பின மக்கள் அமர முடியாது. அவர்கள் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வெளியே போகவேண்டும்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. அவ்விடுதியில் வேலை செய்தோர் 36 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மக்களே! அதாவது, அவர்கள் அங்கே உழைக்கலாம். அவர்கள் கைபட்டதைப் பிறர் உண்ணலாம். அவர்களுடைய குடும்பம் மட்டும் அங்கே வந்து ஒரு நாற்காலியில் அமரக் கூடாது.

1964ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அமெரிக்காவில் குடிசார் உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உணவு விடுதிகளில் நிற வேற்றுமை காட்டலாகாது என்று அது விதித்தது. விடுதி உரிமையாளர் வழக்காடினார். "என் கடை உள்ளூர்க் கடை, இதில் தலையிட நடுவண் அரசுக்கு என்ன உரிமை?" என்பது அவர் வாதத்தின் சாரம். உச்சநீதிமன்றம் கணக்கைப் பார்த்தது. அவ்விடுதி ஓராண்டில் வாங்கிய உணவுப் பொருள் ஏறத்தாழ 1,50,000 டாலர். அதில் 69,683 டாலர், அதாவது நூற்றுக்கு 46 பங்கு, வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சிக்குச் சென்றது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிகத்தை நெறிப்படுத்தும் உரிமை நடுவண் சட்டமன்றத்திற்கு உண்டு; ஆகவே இக்கடைக்கும் இச்சட்டம் செல்லும் என்று 1964 திசம்பர் 14ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

மாநில எல்லையைத் தடையின்றிக் கடந்து வந்த இறைச்சி, மனிதன் அக்கடையின் வாயிலைக் கடப்பதற்கு வழி செய்தது! அடுத்து, தென் கரோலினாவில் வாட்டிறைச்சிக் கடைகள் பல நடத்திய ஒருவர், இச்சட்டம் தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று வாதிட்டுப் பார்த்தார். 1968இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

அமெரிக்கரைக் குறை கூறுவதற்காக இதை நான் சொல்லவில்லை. அன்பர்களே! அந்தக் கடை திறக்கப்பட்ட அதே 1927இல், மார்ச்சு 20ஆம் நாள், நாம் வாழும் இம் மராட்டிய மண்ணில், மஹாட் நகரத்துச் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். ஆடு மாடுகள் குடித்த நீரை மனிதர் சிலர் குடிக்கலாகாது என்றிருந்த கொடுமையை எதிர்த்தே அவ்வாறு செய்தார். நம் தமிழகத்திலோ, இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கு ஓர் இடமும் மற்றவர்க்கு ஓர் இடமுமாக இருந்த பிரிவு, தந்தை பெரியார் முதலானோர் போராடியபின் 1941இல்தான் நீங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்த சாதிப் பெயரை எதிர்த்து 1957இல் கிளர்ச்சி தொடங்கி, மாதக்கணக்கில் நடந்து, 1958இல் அப்பெயர் நீக்கப்பட்ட பின்னரே ஓய்ந்தது.

1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பது பலர்க்குத் தெரியும். 15ஆவது பிரிவு, கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் செல்ல எக்குடிமகனையும் சாதி, சமயம், பால், பிறப்பிடம் காரணமாகத் தடுக்கலாகாது என்று உணவு விடுதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாட்டின் தலையாய சட்டத்தை இயற்றிய பெருமக்கள், சோறு விற்கும் கடையையும் மறவாது எழுதி வைத்தார்கள் என்றால், அதன் பின்னால் எத்தனை பேருடைய அவமானம் இருந்திருக்க வேண்டும்!

என் தந்தையார் அவ்வவமானத்தை அறிந்தவர். சிறுவனாக இருந்தபோது, ஊர்த் தேநீர்க் கடையொன்றில் அவருக்குச் சிரட்டையிலேதான் தேநீர். அதையும் கடைக்கு வெளியே, நின்றுகொண்டே குடிக்கவேண்டும். குடித்தபின் சிரட்டையைக் கழுவிச் செருகிவைக்க வேண்டும். பின்னாளில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்து, முதல் கூலி வாங்கிய நாளில், தெருமுனைத் தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து, எல்லாரும் குடிக்கும் கண்ணாடிக் குவளையில் தேநீர் குடித்தாராம். "தேயிலை ஒன்றும் பிரமாதமில்லை, பெஞ்சுதான் நன்றாயிருந்தது" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது எங்களுக்குச் சிரிக்கத் தோன்றியதில்லை.

இப்பொழுது நம் காலத்திற்கு வருவோம். ஈராண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் ஊருக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகளின் வற்புறுத்தலால், ஓர் இரவு பக்கத்துச் சிற்றூரில் புதிதாகத் திறந்திருந்த விடுதிக்குப் போனோம். வாயிலில் நீண்ட இரும்பு அடுப்பு. அதில் சிவந்த கரி. கம்பித் தட்டில் கோழிகள். விசிறியின் காற்றில் பறக்கும் பொறிகள். உள்ளே இரு மேசைகளைச் சேர்த்துப் போட்டு எங்களை அமர்த்தினார்கள். ஆனால் எண்பதைக் கடந்த என் அன்னையார் மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றேன். "ஏய்யா, எல்லாரும் ஒக்காந்துட்டா யாருய்யா வெளம்புவா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் அச்சொல் நெஞ்சில் தைத்தது. அறுபது ஆண்டுகளாக அவர் சமைத்திருக்கிறார். தந்தையார் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், வந்த விருந்தினர் உண்டபின், எஞ்சியதை அடுக்களைத் தரையில் அமர்ந்து உண்டிருக்கிறார். எல்லாரும் அமரும் நேரத்தில் தாமும் அமர்வது என்பது அவருக்குப் பழக்கமில்லாத செயலாக இருந்தது. கையைப் பிடித்து அமர்த்தினோம். அமர்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து, பேரப்பிள்ளைகளின் தட்டில் துண்டுகளை எடுத்து வைத்தார்.

அதைக் கண்டு, பரிமாறிய இளைஞர் ஓடிவந்தார். அவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். "அம்மா, நீங்க உக்காருங்க" என்றார். அன்னையார் அவரை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். அவருக்கு விளங்கவில்லை போலும். பம்பாய் இந்தியில் நான் எடுத்துச் சொன்னேன். காலை பதினொன்றுக்குக் கடைக்கு வருவதாகவும், இரவு கடை அடைத்துக் கழுவிய பின்னரே உண்பதாகவும் கூறினார். அப்போது என் அன்னையார், "அடுப்புக்கிட்ட நிக்கவங்களுக்கு எப்பவும் கடைசியிலதான்ய்யா சாப்பாடு" என்றார்.

பள்ளிக்கூடம் செல்லாத மூதாட்டி அவர். ஆயினும் அலபாமாவின் அந்தக் கடையையும், நம் வீட்டு அடுக்களையையும், ஒடிசாவிலிருந்து வந்த அந்த இளைஞரையும் ஒரே நூலில் கோத்துவிட்டார். தணலருகே நிற்பவர் ஒருவர். மேசையருகே அமர்பவர் மற்றொருவர். நிற பேதத்தால் பிரிந்தால் அதைக் கொடுமை என்கிறோம். சாதியால் பிரிந்தால் அதையும் கொடுமை என்று உணர்ந்துவிட்டோம். வீட்டுக்குள் ஆண் பெண் என்று பிரிந்தால் மட்டும் அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம்!

"அவர்களே விரும்பித்தானே கடைசியில் உண்கிறார்கள்?" என்று ஆடவர் சிலர் கேட்பர். பாசம் உண்மையே, நான் மறுக்கவில்லை. ஆனால் பாசம் என்பது ஒருவரே நாள்தோறும் செலுத்தும் வரியாக இருத்தல் தகுமா? ஆறிப்போன சோற்றை ஒருவரே உண்பதற்குப் பெயர் வழக்கமேயன்றி விருப்பமன்று. தேநீர்க் கடையில் சிரட்டையும் ஒரு காலத்தில் 'வழக்கம்' என்றே சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள்.

குடும்பத்தோடு வெளியே உண்பதைச் சிலர் ஆடம்பரம் என்று இகழ்கின்றனர். அளவு கடந்தால் அது ஆடம்பரமே. கூலி வாங்கி வாழும் குடும்பங்கள் மாதந்தோறும் இதைச் செய்ய இயலாது என்பதும் உண்மை. ஆயினும் ஆண்டில் ஒரு நாளாவது, வீட்டில் சமைப்பவர் சமைக்காமல், எல்லாருடனும் ஒரே நேரத்தில் அமர்ந்து, சூடு ஆறாத உணவைத் தமக்குப் பிடித்தபடி கேட்டு உண்பது வீண் செலவன்று. என் அன்னையார் அன்று கோழியை விட அதிகமாக விரும்பியது எதைத் தெரியுமா? "உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று ஒருவர் வந்து நின்று கேட்டதைத்தான். ஊர் திரும்பிய பின்னும் வாரக்கணக்கில் அதையே பிறரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒடிசா இளைஞரையும் நாம் மறக்கலாகாது. நாம் இங்கே 'மதராசி' என்று அழைக்கப்பட்டுப் பொறுத்துக்கொண்டது போலவே, அவரும் அங்கே 'வடக்கன்' என்று அழைக்கப்பட்டுப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இல் ஒரு நல்ல காரியம் செய்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018இலேயே அவ்வாறு செய்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறதே என்று வியக்காதீர்கள். வரலாறு நெடுகிலும் உட்காருவதற்கே சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன என்பதைத்தான் இதுவரை கண்டோம்.

பெரியோர்களே, இனி நம் சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை விடுக்கிறேன்.

ஒன்று: நம் ஆண்டு விழா விருந்தில் ஆண்டுதோறும் நடப்பது உங்களுக்குத் தெரியும். முதற்பந்தியில் சிறப்பு விருந்தினரும் நிருவாகிகளும் ஆடவரும். இரண்டாம் பந்தியில் பிள்ளைகள். மூன்றாம் பந்தியில், பாயசம் தீர்ந்து அப்பளம் நமுத்த பின், தாய்மார்கள். சமையற்காரர்களும் இலை எடுப்போரும் எப்போது உண்டார்கள் என்பதை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. இவ்வாண்டு முதல் குடும்பம் குடும்பமாக ஒரே பந்தியில் அமர்வோம். முதற்பந்தியில் பரிமாறுவது நிருவாகக் குழுவினர் பணியாகட்டும். கடைசிப் பந்தியில் சமைத்தவர்களும் துப்புரவு செய்வோரும் அமரட்டும். பாயசம் அவர்கள் உண்ணும்வரை தீராதிருக்கட்டும். செயலாளர் அவர்கள் புன்னகைக்கிறார்கள். அதை ஒப்புதல் என்றே கொள்கிறேன்.

இரண்டு: குடும்பத்தோடு எந்த விடுதிக்குச் சென்றாலும், உண்டு முடித்து எழுமுன், நம் பிள்ளைகளுக்கு இந்த மேசையின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் தாத்தா எந்தக் கடைவாயிலில் நின்றார், எந்த ஆண்டில் எந்தச் சட்டம் அவரை உள்ளே அழைத்து வந்தது என்று சொல்லுங்கள். பரிமாறுபவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி நன்றி கூறக் கற்பியுங்கள். இந்தத் தலைமுறையினர்க்கு அந்த நாற்காலி இயல்பாகக் கிடைத்துவிட்டது. கிடைத்தது நன்று. எப்படிக் கிடைத்தது என்பதை அறிந்தால்தான், நாளை வேறொருவர் நிற்கக் கண்டு தம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

கரிகாலன் தந்த விருந்தை இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் நாம் பேசுகிறோம். எத்தனை ஆடு அறுத்தான் என்பதற்காகவா பேசுகிறோம்? வந்தவனை அண்மையில் அமர்த்தினான் என்பதற்காகவே பேசுகிறோம். நம் வீட்டிலும் நம் சங்கத்திலும் அவ்வொழுங்கு நிலைபெறட்டும்.

அடுக்களையிலிருந்து சாம்பார் மணம் வருகிறது. இனியும் பேசினால், உங்களை நிறுத்திவைத்த குற்றம் என்னைச் சேரும். தாய்மார்கள் முதற்பந்திக்கு எழுந்தருள்க!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.